ஆறு மில்லிமீட்டர்

முன் டயர் இரண்டும் போய்விட்டன.
வாங்கி எட்டு மாதம்தான்.
உள்பக்கம் இன்னும் புதுசு.
வெளித்தோள் மட்டும்
மழித்த தாடை மாதிரி.

கிச்செனின் குனிந்து
ஒரு யூரோ காசைக் காடிக்குள் செருகினான்.
பொன் விளிம்பு முழுசாக வெளியே நின்றது.
"இதை எங்கே ஓட்டுகிறீர்கள்?"
சிலாவோஸ், என்றேன். வாரத்தில் ஐந்து நாள்.
சென்-லூயியில் டயர் விற்பவனுக்கு
அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை.

நானூற்றுச் சொச்சம் வளைவு.
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
நான் நூறு வரைக்கும்தான் படித்தேன்,
அதனால் நாலு தடவை எண்ணிக்கொண்டு ஏறுவேன்.
இரண்டாவது நூறில் காது அடைக்கும்.
அப்புறம் சுரங்கம்: ஹார்ன் அடித்து
எதிரே பஸ் இல்லை என்று ஆனபின்தான் மூச்சு.
எழுபத்தெட்டா, எழுபத்தொன்பதா
என்று குழம்புகிற இடத்தில்
மலை ஒரு கல்லை உருட்டிவிடும்.

எல்லாம் செய்து பார்த்தாயிற்று.
காற்று இரண்டு புள்ளி இரண்டு வைத்தேன்,
பிறகு இரண்டு புள்ளி நாலு.
அலைன்மென்ட் பார்த்தார்கள், அறுபத்தைந்து யூரோ,
கோணல் எதுவும் இல்லையாம்.
விலை கூடிய டயர் போட்டேன்,
அது கூடுதலாக ஆறு வாரம் உழைத்தது.
வளைவில் மெதுவாகப் போயேன் என்றான் என் கணவன்,
லைசென்ஸ் இல்லாதவன்.

"பத்தாயிரம் கிலோமீட்டரில்
முன்னதைப் பின்னுக்கு மாற்றினீர்களா?"
இல்லை.
"ஒரே இடம் ஒரே பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தால்
இரும்பும் தேயும், மதாம்.
மாற்றிப் போட அரை மணி நேரம்.
யாரும் சொல்லவில்லையா?"

சொல்லவில்லையாவது.
நானே சொன்னேன், நேற்றுக் காலை,
இலெத்-அ-கோர்த்தில்,
மதாம் திஜூவின் குதிகாலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு
அவள் மகன் ழான்-ரெனேயிடம்.
இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டு.
இடப்பக்கம், வலப்பக்கம், மல்லாக்க.
காற்று மெத்தை தன்னால் ஒன்றும் செய்யாது.
அலாரம் வைக்கத் தெரியாதா உனக்கு?

வைத்தேன், என்றான். கேட்கவில்லை எனக்கு.
நகக்கண்ணில்
பருப்பு வயலில் களை பிடுங்கிய மண்.
கதவோரம் அவன் செருப்பு,
இடது செருப்பின் ஒரு பக்கம் ஓட்டையாகும் வரை தேய்ந்திருந்தது.
அதைப் பார்த்தேன்.
பார்த்தும் திட்டினேன்.

அந்தக் குரல்தான் இப்போது
கிச்செனின் வாயில் வருகிறது.
அதே மரியாதை, அதே முள்.

புது டயர் இரண்டு, நூற்றெழுபது.
கழற்றியதைச் சுவரில் சாத்தினான்.
எட்டு மில்லிமீட்டர் வாங்கினேன்,
தோளில் இரண்டு மிச்சம்.
ஆறு எங்கே விழுந்தது?
வளைவுக்கு இவ்வளவு என்று பிரித்தால்
கணக்கில் வரும், கண்ணுக்கு வராது.
மழை அதைக் கழுவிப் பள்ளத்தில் விட்டிருக்கும்,
பள்ளம் கடலில்.
அந்தக் குதிகாலும் எந்த ராத்திரியில் திறந்தது என்று
ழான்-ரெனேயாலும் சொல்ல முடியாது.
என் பதிவேட்டில் ஒரு தேதி இருக்கிறது.
அது நான் பார்த்த தேதி.

வீல் நட்டு முறுக்கும் சத்தத்துக்குத் தள்ளி நின்று
போன் செய்தேன்.
இன்றிலிருந்து சாயங்காலமும் ஒரு தடவை வருகிறேன்,
அந்த நேரம் நீ படுத்துத் தூங்கு என்றேன்.
அவன் வெகுநேரம் பேசவில்லை.
பின்னால் ஒரு சேவல்,
மெத்தையின் மோட்டார்.
"ரோட்டில் கல் விழுகிறது" என்றான் கடைசியில்,
வேண்டாம் என்பதற்கோ நன்றி என்பதற்கோ.

கிச்செனின் ரசீதின் மூலையில்
டயர் மாற்றிப் போட வரவேண்டிய மாதத்தை எழுதினான்:
நவம்பர்.
செப்டம்பர் என்று எழுதுங்கள், என்றேன்.
ஒரு கணம் என்னைப் பார்த்தான்.
நவம்பரை அடித்தான்.